வீட்டுப் பக்கம் வரும் பாம்பு: விரட்டுவதா, கடிபடாமல் இருப்பதா?

மழை பிடித்துக்கொண்டால் ஊர்ப் பேச்சில் பாம்பும் வந்துவிடும். தாம்பரத்தைத் தாண்டிப் புது மனைகளில் வீடு கட்டிக் குடியேறியவர்களைக் கேட்டாலும், தஞ்சாவூர்ப் பக்கம் வயலை ஒட்டிக் குடியிருப்பவர்களைக் கேட்டாலும் கேள்வி ஒன்றுதான்: "பாம்பு வராமல் இருக்க என்ன போடலாம்?" பதில் ஆளுக்கொன்றாகக் கிடைக்கும். பூண்டை நசுக்கிப் போடு, கந்தகத்தைத் தூவு, அந்துருண்டையை நாலு மூலையிலும் வை, வாசலில் ஆகாச கருடன் கிழங்கைக் கட்டித் தொங்கவிடு, வேலியோரம் சிறியாநங்கை நடு.

இந்தக் கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. வீட்டுப் பக்கம் பாம்பு வராமல் பார்த்துக்கொள்வது ஒன்று. வந்த பாம்பு வீட்டில் யாரையும் கடிக்காமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. முதலாவது ஓரளவுக்குத்தான் நம் கையில் இருக்கிறது. இரண்டாவது பெருமளவுக்கு நம் கையில் இருக்கிறது. ஆனால் காசும் கவலையும் முதலாவதிலேயே செலவாகிவிடுகின்றன.

இரண்டாவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு. 2000 முதல் 2019 வரையான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக் கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து மக்கள், மருத்துவமனைக்கு வெளியே உயிரை விட்டவர்கள். ஏறத்தாழ பாதிச் சாவுகள் ஜூன் முதல் செப்டம்பர் வரையான மழை மாதங்களில் நடந்தவை. உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக் கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. புறக்கணிக்கப்பட்டது என்ற சொல் இங்கே அப்படியே பொருந்துகிறது. சாகிறவர் வயலில் வேலை செய்கிறவராகவோ தரையில் பாய் விரித்துப் படுக்கிறவராகவோ இருப்பதால்தான் இத்தனை ஆண்டுகள் இது பெரிய பேச்சாகவில்லை.

எதைத் தேடி வருகிறது

பாம்புக்கு நம் வீட்டின் மேல் தனியாக எந்த நாட்டமும் கிடையாது. அதற்கு வேண்டியது இரையும் ஒண்டிக்கொள்ள இடமும்தான். வீட்டைச் சுற்றி இரண்டையும் நாமே சேர்த்து வைக்கிறோம்.

எலி முதல் காரணம். நெல் மூட்டை, கோழித் தீவனம், நாய்க்கு வைத்த மிச்சச் சோறு, மூடாத குப்பைத் தொட்டி, இவற்றில் ஒன்று இருந்தால் எலி வரும். எலி வளை தோண்டும். நல்ல பாம்பும் சாரையும் எலியைத் தின்றுவிட்டு அந்த வளையிலேயே தங்கிக்கொள்ளும், ஒரே இடத்தில் சாப்பாடும் படுக்கையும் கிடைத்த மாதிரி. நல்ல பாம்பு கோடைக் காலத்தில் பெரும்பாலும் அந்த வளைகளில்தான் முட்டையிடும். ஏறக்குறைய 2 மாதத்தில் குஞ்சுகள் வெளிவரும். முட்டையிலிருந்து வந்த அன்றே குஞ்சுக்கு நஞ்சு உண்டு. "குட்டிதானே" என்று முறத்தில் அள்ளப் போவது ஆபத்து.

எலிக்கு அடுத்தது தவளை. குளியலறைத் தண்ணீர் ஓடிப் பாயும் வாழைமரத்தடி, தொட்டி நிரம்பி வழியும் இடம், மழைநீர் தேங்கிய காலி மனை, இங்கெல்லாம் தவளை சேரும். தண்ணீர்ப் பாம்பு அதைத் தேடி வரும். வீட்டுச் சுவரில் பல்லி இருந்தால் வெள்ளிக்கோல் வரையன் வரும். விரல் தடிமன்கூட இல்லாத நஞ்சில்லாப் பாம்பு அது, சுவரில் ஏறவும் வல்லது. கட்டுவிரியனோ எலி, பல்லியோடு மற்றப் பாம்புகளையும் தின்னக்கூடியது.

அப்புறம் இடம். கொல்லையில் அடுக்கிய விறகு, எப்போதோ வீடு கட்டியபோது மிச்சமான செங்கல், தேங்காய் மட்டைக் குவியல், வைக்கோல் போர், மோட்டார் கொட்டகை மூலையில் கிடக்கும் பழைய சாக்கு எல்லாமே பாம்புக்கு ஒண்டுமிடம்தான். பாம்புக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே சீராக வைத்துக்கொள்ள முடியாது. சித்திரை வெயிலில் குளிர்ச்சியைத் தேடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும் பூந்தொட்டிக்குப் பின்னாலும் வரும். ஐப்பசி மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்ததும் மேடான இடத்தைத் தேடும். ஏரியோரத்திலும் சதுப்பு நிலத்தை ஒட்டியும் வீடு கட்டிக்கொண்டிருக்கும் சென்னையின் தென்பகுதியில், அந்த மேடான இடம் நம் வாசற்படியாக இருப்பதில் வியப்பில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கச் சுருங்க, அங்கே இருந்த உயிர்கள் எங்கேதான் போகும்?

ஒரு பாம்பை அடித்துப் போட்டால் அதன் ஜோடி பழி வாங்க வரும் என்று சொல்வார்கள். அடித்த சில நாட்களில் இன்னொரு பாம்பு அதே இடத்தில் தென்படுவது உண்மையில் நடப்பதுதான். அதே வளை, அதே எலி, அதே விறகுக் குவியல் அங்கேயே இருக்கின்றன. முதல் பாம்பு வந்த காரணத்துக்குத்தான் இரண்டாவதும் வந்தது. பழி வாங்குகிற அளவுக்கு முகத்தையோ சம்பவத்தையோ நினைவில் வைக்கும் மூளை பாம்புக்கு இல்லை.

நான்கு பாம்புகளும் அவற்றைப் போலத் தெரிபவையும்

இந்தியாவில் 300க்கும் மேற்பட்ட பாம்பு வகைகள் உள்ளன. உயிருக்கு ஆபத்தான கடிகளில் மிகப் பெரும்பாலானவை நான்கே வகைகளால் வருகின்றன: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நான்குமே தமிழ்நாட்டில் உண்டு.

சாரை, தண்ணீர்ப் பாம்பு, பச்சைப் பாம்பு, கொம்பேறி மூக்கன், மண்ணுளி ஆகியவற்றால் மனிதர் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் கதைகள் இவற்றின் மேல்தான் அதிகம். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறிப் பிணம் எரிவதைப் பார்க்கும் என்பார்கள், பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்பார்கள். சாரையும் நல்ல பாம்பும் பின்னிப் பிணையும் என்ற கதைக்கு உண்மையில் அடிப்படையாக இருப்பது இரண்டு ஆண் சாரைகளின் சண்டை. உடம்பை முறுக்கி ஒன்றையொன்று கீழே அழுத்தப் பார்க்கும் பலப்பரீட்சை அது.

குழப்பம் ஆபத்தாவது இரண்டு இடங்களில். ஒன்று, வெள்ளிக்கோல் வரையனும் கட்டுவிரியனும். கட்டுவிரியன் பளபளப்பான கருநீலம். மெல்லிய வெள்ளைக் கோடுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக, கழுத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளித் தொடங்கி வால் பக்கம் போகப் போகத் தெளிவாகும். வரையனுக்குக் கோடுகள் கழுத்திலேயே தொடங்கி வால் பக்கம் மங்கிப் போகும். தலை சற்றுத் தட்டை. இரண்டு, கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்றோ மண்ணுளி என்றோ நினைப்பது. கண்ணாடி விரியனின் முதுகில் சங்கிலி கோத்த மாதிரி மூன்று வரிசையாகப் பழுப்பு வட்டங்கள் இருக்கும். தலை முக்கோணம், உடம்பு தடிமன். சீண்டினால் குக்கர் விசில் அடிக்கும் முன் ஆவி சீறுவது போலப் பலமாகச் சீறும். மலைப்பாம்பு என்று நினைத்துக் கையால் தூக்கியவர்கள் விரலையும் சிறுநீரகத்தையும் இழந்திருக்கிறார்கள்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரவில், பதற்றத்தில், டார்ச் வெளிச்சத்தில் நீங்கள் வகை பிரிக்கப் பார்க்காதீர்கள். புத்தகப் படத்தில் தெளிவாகத் தெரிவது அடுப்படி மூலையில் தெரியாது. கோடே இல்லாத கட்டுவிரியனும் உண்டு. வகை தெரிந்தால் பதற்றம் குறையும், அவ்வளவுதான். அந்த அறிவை நம்பிக் கையை நீட்டக் கூடாது.

தூவுவதும் தெளிப்பதும்

கந்தகம், அந்துருண்டை, பூண்டு, பினாயில் எதுவும் பாம்பைத் தடுக்காது. அமெரிக்காவில் கந்தகமும் நாப்தலினும் கலந்து பாம்பு விரட்டி என்று கடைகளில் விற்ற தூளையே ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். பாம்புகள் அதைக் கடந்து போய்க்கொண்டேயிருந்தன. அந்துருண்டையில் இருப்பதும் நாப்தலின்தான். குழந்தை அதை வாயில் போட்டு விழுங்கினால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையலாம். பாம்புக்குப் பயந்து வீட்டின் நாலு மூலையிலும் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் நஞ்சை வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பாம்பை விரட்டச் சிலர் தெளிக்கும் கார்பாலிக் அமிலம் தோலை எரிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

ஆகாச கருடன் கிழங்கைக் கட்டுவதாலோ சிறியாநங்கை நடுவதாலோ யாருக்கும் கெடுதல் இல்லை. பெரியவர்கள் வழக்கம், இருக்கட்டும். ஆனால் அதைக் கட்டிவிட்டோம் என்ற தைரியத்தில் இருட்டில் வெறுங்காலோடு கொல்லைக்குப் போனால் அங்கேதான் சிக்கல். வேலியில் நைலான் வலை கட்டுகிறவர்களும் உண்டு. பாம்பு அதில் சிக்கிக் கிழிபட்டுச் சாகும், இல்லையென்றால் சிக்கிய ஆத்திரத்தில் விடுவிக்க வருபவரைக் கடிக்கும்.

உண்மையில் பயன் தருகிற வேலை அலுப்பானது, ஒரு முறையோடு முடியாதது. தானியத்தைத் தகர டப்பாவிலோ மூடியுள்ள டிரம்மிலோ வைக்க வேண்டும். ராத்திரி கோழித் தீவனம் தரையில் கிடக்கக் கூடாது. விறகை வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காமல் தள்ளி, தரையிலிருந்து ஒரு முழமாவது தூக்கிய பலகை மேல் அடுக்கலாம். வைக்கோல் போருக்கும் வறட்டிக் குவியலுக்கும் அதே கணக்கு. எலி வளைகளை அடைக்க வேண்டும். அடைக்கும் முன் யாரும் உள்ளே கை விடக் கூடாது.

இந்த வளை விஷயத்தில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் இருளர்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் எலி பிடிப்பதும் பாம்பு பிடிப்பதும் அவர்களுக்கு ஒரே படிப்பின் இரண்டு பாடங்கள். வளை வாயில் சிலந்தி வலை அப்படியே இருந்தால் அதில் ஒன்றும் போய்வரவில்லை என்று பொருள். வாய் தேய்ந்து வழவழப்பாக இருந்தால், பக்கத்தில் எச்சமோ உரித்த சட்டையின் துண்டோ கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போனது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். ஒரு காலத்தில் தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்தவர்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, அடுத்துத் தோல் ஏற்றுமதியும் தடைபட்டதும் பிழைப்பு போனது. 1978இல் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைப் பிடித்து, சில வாரங்கள் பானையில் வைத்து நஞ்செடுத்து, அடையாளத்துக்கு வயிற்றுச் செதிலில் ஒரு சின்ன வெட்டு வைத்துத் திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். நாட்டில் நஞ்சுமுறி மருந்து செய்யத் தேவைப்படும் நஞ்சில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. கடிபட்டுப் பிழைத்த ஒவ்வொருவரின் உடம்பிலும் ஏறிய மருந்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் இருளரின் கை இருக்கிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. விருது வந்த பிறகும் வீட்டுமனைப் பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் அலைகிற இருளர் குடும்பங்கள் இன்னும் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

சரி, வீட்டுக்கு வருவோம். கதவுக்கும் தரைக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி இருந்தால் சின்னப் பாம்பு நுழையும். கதவின் அடியில் ரப்பர் பட்டை அடிக்க அதிகச் செலவில்லை. குளியலறைத் தண்ணீர் வெளியேறும் ஓட்டைக்குச் சல்லடை மூடி போட வேண்டும். ஏசி குழாய்க்காகச் சுவரில் போட்ட துளையைச் சுற்றியுள்ள இடுக்கைப் பூசி அடைக்க வேண்டும். கூரையில் உரசும் மரக்கிளையை வெட்டிவிட வேண்டும். சுவர் மண்ணாலும் கூரை ஓலையாலும் ஆன வீட்டில் இத்தனையும் செய்ய முடியாது. அப்படிப்பட்ட வீடுகளுக்குத்தான் அடுத்து வருவது ரொம்ப முக்கியம்.

இரவும் தரையும்

பாம்புக் கடியை இருட்டிலிருந்தும் தரையிலிருந்தும் பிரிக்க முடியாது. கட்டுவிரியன் இரவில் நடமாடும். பகலில் சுருண்டு தலையை உடம்புக்குள் ஒளித்துக்கொண்டு சாதுவாகக் கிடக்கும் அதே பாம்பு, ராத்திரி எலியையும் பல்லியையும் தேடிச் சுவரோரமாக ஊர்ந்து வீட்டுக்குள் வரும். தரையில் படுத்திருப்பவர் தூக்கத்தில் புரண்டு கை அதன் மேல் விழுந்தால் கடிக்கும். பல் மிகச் சிறியது. பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது, பல் பதிந்த தடம்கூடத் தெரியாமல் போகலாம். எறும்பு கடித்தது போல நினைத்துத் திரும்பிப் படுத்துவிடுவார்கள். சிலர் எழுந்திருக்கவே மாட்டார்கள்.

ஒரு காட்சியை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். தரையில் படுத்திருந்த பிள்ளை விடியற்காலை எழுந்து வயிறு வலிக்கிறது என்கிறது. வாந்தி எடுக்கிறது. ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் இமை மூடிக்கொண்டே போகிறது, தூக்கக் கலக்கம் என்கிறார்கள். பேச்சு குழறுகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை. இது கட்டுவிரியன் கடியின் வழக்கமான போக்கு. அதன் நஞ்சு நரம்பிலிருந்து தசைக்குப் போகும் சேதியை அறுக்கிறது. முதலில் இமை, பிறகு தொண்டை, கடைசியில் மூச்சு. ஆகவே தரையில் தூங்கி எழுந்தவருக்குக் காரணம் புரியாத வயிற்று வலி வந்தால், அண்ணாந்து பார்க்கச் சொல்லி இமையைக் கவனியுங்கள். இமை முழுதாக மேலே ஏறவில்லை என்றால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. இமை சரியாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டி, தரையில் தூங்கியதையும் சொல்லுங்கள். கடித்த தடத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இதற்குத் தடுப்பு என்ன? கட்டில். கயிற்றுக் கட்டில் போதும், போர்வை தரையில் தொங்காமல் இருந்தால் சரி. கட்டில் இல்லையென்றால் கொசுவலை. வலையின் ஓரத்தைச் சுற்றிலும் பாய்க்கு அடியில் செருகிவிட வேண்டும். நேபாளத்தின் தராய்ச் சமவெளிக் கிராமங்களில் நடந்த ஆய்வில், கொசுவலைக்குள் தூங்கியவர்களுக்குப் பாம்புக் கடி குறைவாக இருந்தது தெரியவந்தது. கொசுவுக்கென்று வாங்கிய வலை பாம்பையும் தடுக்கிறது. எந்த விரட்டி மருந்தைப் பற்றியும் இப்படி ஒரு சான்று கிடையாது. இரண்டும் முடியாவிட்டால் சுவரோரத்தை விட்டு அறையின் நடுவில் படுக்கலாம். நெல் மூட்டை வைத்த அறையில் படுக்காமல் இருக்கலாம்.

அடுத்தது டார்ச். கண்ணாடி விரியன் ஆள் வரும் சத்தம் கேட்டு ஓடுகிற ஜாதி இல்லை. இருந்த இடத்திலேயே கிடக்கும், மிதித்தால் கடிக்கும். பாம்புக்கு வெளிக்காது இல்லை, தரையதிர்வு நன்றாகத் தெரியும், கம்பைத் தட்டிக்கொண்டு நடந்தால் பல பாம்புகள் விலகிப் போகும் என்பதெல்லாம் உண்மைதான். விரியன் மட்டும் விலகாமல் இருக்கலாம். அதனால் கம்பைவிட வெளிச்சம் நம்பகமானது. கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருந்தால் அந்த வழிக்கு ஒரு விளக்குப் போடுங்கள். விறகு எடுக்கும்போது, மட்டை பொறுக்கும்போது, புல் அறுக்கும்போது கைக்கு முன்னால் கம்பு போகட்டும். வாசலில் விட்ட ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள். மழை நாட்களில் ஸ்கூட்டர் முன்பக்கத்துக்குள்ளும் பாம்பு ஏறிக்கொள்வது உண்டு.

வீட்டுக்குள் வந்துவிட்டால்

தோட்டத்தில் போகிற பாம்பைப் போக விடுங்கள். பத்து நிமிடத்தில் அது தன் வழியில் போய்விடும். சாரை என்றால் எலிக்குத்தான் அது எதிரி.

வீட்டுக்குள் என்றால் குழந்தைகளையும் நாயையும் வெளியேற்றிவிட்டு, குறைந்தது இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று ஒருவர் மட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கே போனது என்று தெரியாமல் போவதுதான் பிறகு பெரிய தலைவலி. மற்ற அறைக் கதவுகளைச் சாத்தி அடியில் ஈரத்துணியைச் செருகுங்கள். வெளிக்கதவைத் திறந்து வையுங்கள். வெந்நீர், மண்ணெண்ணெய், கொசு ஸ்பிரே எதுவும் வேண்டாம். வலியில் துடிக்கும் பாம்பு எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. அடிக்கப் போகும்போதும் பிடிக்கப் போகும்போதும் கடிபடுகிறவர்கள் நிறையப் பேர். தலையைத் துண்டித்த பிறகும் அந்தத் தலை கொஞ்ச நேரம் கடிக்கும். பாம்பைக் கொல்வது வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட.

தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தகவல் சொன்னால் ஆள் வருவார்கள். பல ஊர்களில் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். கொக்கி, குழாய், பை ஆகியவற்றோடு வந்து, கையால் தொடாமல் பாம்பைக் குழாய் வழியாகப் பைக்குள் போக விடுபவர் நல்ல மீட்பாளர். வாலைப் பிடித்துத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டுகிறவர், கழுத்தில் போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறவர் நல்ல மீட்பாளர் இல்லை. நாம் கைதட்டுவதும் போனைத் தூக்கிப் படம் பிடிப்பதும் அந்தச் சாகசத்துக்குத் தீனி. அனுபவசாலிகள் பலரே அப்படி உயிரை விட்டிருக்கிறார்கள். கேரள வனத்துறை மீட்பாளர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் தந்து, சர்ப்பா என்ற செயலி மூலம் அவர்களை அழைக்க வழி செய்திருக்கிறது. எல்லா மாநிலத்திலும் வேலை இப்படி ஒழுங்காக நடக்க வேண்டும்.

பிடித்த பாம்பை "ரொம்ப தூரம் கொண்டுபோய் விட்டுவிடுங்க" என்று கேட்பது நம் வழக்கம். பாம்புக்கு ஒரு நடமாட்ட வட்டம் உண்டு. தெரியாத இடத்தில் விட்டால் இரையும் வளையும் தேடி அலைந்து, வண்டியில் அடிபடவும் இன்னொரு வீட்டுக்குள் நுழையவும் வாய்ப்பு கூடுகிறது. கர்நாடகத்தின் ஆகும்பேயில் கருவி பொருத்திக் கவனித்தபோது, இடம் மாற்றி விடப்பட்ட ராஜநாகம் மற்றதைவிட வெகுதூரம் அலைந்தது. பக்கத்திலேயே ஆள் நடமாட்டமில்லாத புதர்ப்பகுதியில் விடுவது அதற்கும் நல்லது, நமக்கும் நல்லது.

கடித்துவிட்டால்

இறுக்கிக் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். இறுக்கிக் கட்டிய கயிறு நஞ்சைத் தடுப்பதைவிட விரலையும் காலையும் அழுகச் செய்ததுதான் அதிகம். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள், வீங்கிய பிறகு கழலாது. கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்ததற்குக் கட்டுவது போல ஒரு தப்பையோடு அசையாமல் சேர்த்து வையுங்கள். கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். 108ஐ அழையுங்கள். வண்டி வர நேரமாகும் என்றால் காத்திருக்க வேண்டாம். தராய்ப் பகுதியில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களைக் கொண்டே, கடிபட்டவரை ஓட்டுபவருக்கும் இன்னொருவருக்கும் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப்போகும் ஏற்பாட்டைச் செய்து உயிர்களைக் காப்பாற்றினார்கள்.

பாம்பை அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. இங்கே தரப்படும் நஞ்சுமுறி மருந்து நான்கு வகைக்கும் சேர்த்துச் செய்தது. தள்ளி நின்று போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும், முடியாவிட்டாலும் பரவாயில்லை. மருத்துவமனையில் 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விரியன் நஞ்சு வேலை செய்கிறது என்று பொருள். மருத்துவர் மருந்து போடாமல் கவனித்துக்கொண்டே இருந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். நஞ்சுப் பாம்பு கடித்தாலும் நஞ்சு ஏறாத கடிகள் உண்டு, மருந்தால் ஒவ்வாமை வரும் வாய்ப்பும் உண்டு. அதே சமயம் ஒன்றும் தெரியவில்லை என்று உடனே வீட்டுக்குக் கிளம்பவும் கூடாது. ஒரு நாளாவது கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

மந்திரிப்பவரிடம் போய்ப் பிழைத்தவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். நஞ்சில்லாப் பாம்பு கடித்தவரும் நஞ்சு ஏறாத கடி வாங்கியவரும் எங்கே போயிருந்தாலும் பிழைத்திருப்பார்கள். உண்மையான கட்டுவிரியன் கடியோடு அங்கே போகிறவருக்குப் போவது நேரம். நஞ்சு நரம்பு முனையில் ஒட்டிச் சேதம் செய்த பிறகு மருந்தால் அதைச் சுலபமாகத் திருப்ப முடியாது. ஆனால் அந்த நிலையிலும் நம்பிக்கை இழக்கத் தேவையில்லை. கண் திறக்காமல், கை அசையாமல், பிணம் போலக் கிடப்பவருக்கு உள்ளே நினைவு இருக்கலாம், பேசுவது கேட்கலாம். செயற்கை சுவாசக் கருவியில் சில நாட்கள் வைத்திருந்தால் நரம்பு தேறி முழுதாக எழுந்து வருகிறவர்கள் உண்டு. அதனால் மூச்சு திணறுகிறவரைப் பெரிய அரசு மருத்துவமனைக்கு அனுப்புகிறோம் என்றால், வழியில் மூச்சுக்கு உதவி இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

தெருவில் செய்ய வேண்டியது

தனி வீடு ஒன்று எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஓர் எல்லைக்கு மேல் பயனில்லை. பக்கத்துக் காலி மனையில் இடுப்புயரம் புதர், அதில் தெரு முழுக்கக் கொட்டும் கோழிக்கடைக் கழிவு, அதைத் தேடி வரும் எலி. மனைக்காரர் வெளியூரில் இருப்பார். இதைப் பாம்புப் பிரச்சினை என்று தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்வதைவிடக் குப்பைப் பிரச்சினை என்று ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ தெருவே சேர்ந்து எழுதிக் கொடுப்பது பலன் தரும். எரியாத தெருவிளக்கையும் அந்த மனுவில் சேர்த்துவிடுங்கள்.

மத்திய அரசு 2024 மார்ச்சில் பாம்புக் கடிச் சாவுகளை 2030க்குள் பாதியாகக் குறைக்கும் செயல்திட்டத்தை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக் கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக ஆக்கியது. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் ஒவ்வொரு கடியையும் பதிவு செய்து தெரிவிக்க வேண்டும். எந்த ஒன்றியத்தில், எந்த மாதத்தில், வீட்டிலா வயலிலா என்ற கணக்கு சேரச் சேர, மருந்துக் குப்பிகளை எங்கே அதிகம் வைக்க வேண்டும், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு மருத்துவர் கட்டாயம் வேண்டும் என்று முடிவெடுக்க முடியும். உங்களுக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த மருந்து இருப்பில் இருக்கிறதா, இரவில் யார் இருக்கிறார்கள், அங்கிருந்து சுவாசக் கருவி உள்ள மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை ஐப்பசி பிறப்பதற்கு முன்பே ஒரு நடை போய்க் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.